கண்ணை மூடிக் கேளுங்கள்!

கண்ணை மூடிக்கொண்டு எதையும் ஏற்காதே; ஏன் என்று கேள், எப்படி என்று கேள், எவர் சொன்னது என்று கேள்! ஆசிரியத் தொழிலை மேற்கொண்ட நாம் மாணவர்க்கு நாள்தோறும் கூறும் அறிவுரை இது. அந்த அறிவுரையில் அணுவளவும் மாற்றமில்லை. ஆயினும் ஒன்றை மட்டும் கண்ணை மூடிக்கொண்டே கேளுங்கள் என்று இன்று கூறத் துணிகிறோம். அதுதான் திரைப்படத்தின் இசை. அங்கே கண்தான் நம்மை ஏய்க்கிறது. காதுதான் உண்மையை உரைக்கிறது!

ஏனிந்தப் பேச்சு? காரணம் உண்டு. தில்லானா மோகனாம்பாள் படத்து நாதசுர இசையைப் படமின்றி, ஒலியாக மட்டும், வகுப்பிலே மாணவர் கேட்கட்டும் என்று ஒரு பள்ளியிலே நாம் கருத்துரைத்தோம். உடனே கிளம்பிற்று எதிர்ப்பு. "இது பள்ளிக்கூடமா, சினிமாக் கொட்டகையா?" என்றார் ஒரு பெரியவர். "இசை கேட்க வேண்டுமானால் கச்சேரி கேட்கட்டும், சினிமாப் பாட்டு, படத்துக்கு ஒட்டுப்போட்ட துணி, படத்தைப் பிரித்துவிட்டால் அது வெறும் கந்தல்" என்றார் மற்றொருவர். பெரியவர்களின் பெயர் நமக்குத் தேவையில்லை, அவர்கள் நல்லவர்கள். ஆனால் அவர்கள் வாயிலிருந்து வந்த வாதம் நல்லதல்ல. அது ஊரெங்கும் உலவுகிறது; படித்தவர் நாவிலே நடமாடுகிறது. ஆகவே வாதத்தோடு வழக்காடுவோம், வாதித்தவரை விட்டுவிடுவோம்.

படத்துக்காகப் பிறந்தது, ஆகவே தனி இசை ஆகாது என்கிறார்கள். கேட்கிறோம்: எதற்காகவும் பிறவாத இசை எது? குழந்தை உறங்கப் பிறந்தது தாலாட்டு. நாற்று நடும் முதுகின் நோவை மறக்கப் பிறந்தது நடவுப் பாட்டு. மாண்டவர் முன் மார்பிலடித்துக்கொள்ளப் பிறந்தது ஒப்பாரி. நமது நாஞ்சில் நாட்டிலே கோயில் கொடைவிழாவுக்காகப் பிறந்தது வில்லுப்பாட்டு. வில்லும் குடமும் உடுக்கையும் கட்டையும் தாளமும் சேர்ந்து விடியவிடியக் கதை சொல்லும் அந்தக் கலையை, கொடை முடிந்தபின் கேட்டால் இசை அல்ல என்று கூறுவாருண்டோ? தொட்டிலை விட்டு இறங்கியதும் தாலாட்டு கந்தலாகிவிடுமோ?

அவர்கள் போற்றும் கச்சேரி மேடைக்கே வருவோம். சீர்காழியில் வாழ்ந்த அருணாசலக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் இராமநாடகக் கீர்த்தனைகள் பாடினார். பெயரிலேயே இருக்கிறது நாடகம்! கதைக்காக, காட்சிக்காக, பாத்திரங்களின் வாய்மொழியாக எழுந்த பாட்டுகள் அவை. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரம் கதாகாலட்சேபத்துக்காக எழுந்தது. இவற்றினின்றும் பாட்டுகளைப் பிரித்தெடுத்து, பட்டுவிரித்த மேடையிலே பாடிப் பரவசமடைந்தவர்கள், அப்போது "ஐயோ, நாடகத்தைப் பிரித்துவிட்டோமே, கந்தலாயிற்றே" என்று கதறியதில்லை. நாடகப் பாட்டு தனித்து நிற்கலாம். திரைப் பாட்டு தனித்து நிற்கலாகாது! இது எந்த ஊர் நியாயம்? திரை என்ன, தீட்டா?

கடல் கடந்தும் பாருங்கள். இப்சன் எழுதிய பீர் கிண்ட் நாடகத்துக்காக இசையமைத்தார் நார்வே நாட்டு கிரீக். பின்னர் அவரே அதனின்று இரண்டு இசைத்தொகுப்புகளைப் பிரித்தெடுத்தார். இன்று நாடகத்தைக் கண்ணால் காணாதவர்களும் அந்த இசையைக் கேட்டு மகிழ்கிறார்கள். 1938இல் அலெக்சாண்டர் நெவ்ஸ்கி என்ற ரஷ்யப் படத்துக்கு இசையமைத்த புரோகோபியேவ், மறு ஆண்டே அதனை மேடையில் பாடும் பெரும் இசைப்படைப்பாக உருமாற்றினார். அந்நாட்டு மேதைகள் யாரும் மூக்கைப் பிடித்துக்கொள்ளவில்லை. இங்கேதான் மூக்கு நீளம், காது குட்டை!

இந்த எதிர்ப்பின் குரல் நமக்குப் பழக்கமான குரல். தமிழிலே பாடினால் இசை இனிக்காது. தமிழ்ப் பாட்டு கச்சேரியின் கடைசியில் துக்கடாவாக வரலாம், நடுநாயகமாக வரலாகாது என்று ஒரு காலத்திலே கூறினார்கள். 1941இல் அண்ணாமலை நகரிலே தமிழிசை மாநாடு கூடியது. 1943இல் சென்னையிலே தமிழ் இசைச் சங்கம் எழுந்தது. அண்ணாமலை செட்டியார் பொருள் தந்தார், அறிஞர் பலர் துணை நின்றனர், மக்கள் அணிவகுத்தனர். இன்று தமிழிலே இசையில்லை என்று வாய்திறந்து கூறும் துணிவு எவருக்கும் இல்லை. அன்று மொழியைக் காட்டிக் கதவடைத்தார்கள். இன்று பிறந்த இடத்தைக் காட்டிக் கதவடைக்கிறார்கள். பிறப்பைக் கேட்டுப் பெருமை அளக்கும் பழக்கம் மனிதரோடு நிற்கவில்லை, பாட்டையும் பற்றிக்கொண்டிருக்கிறது!

அதிகார பீடமும் ஒருமுறை இந்த வேலையில் இறங்கிப் பார்த்தது. 1952இல் செய்தி ஒலிபரப்பு அமைச்சராக வந்த கேஸ்கர், திரைப்பாட்டு மக்களின் சுவையைக் கெடுக்கிறது என்று கருதி, அகில இந்திய வானொலியிலே அதனை அறவே குறைத்தார். நடந்தது என்ன? மக்கள் வானொலிப் பெட்டியின் திருகைத் திருப்பினார்கள். இலங்கை வானொலி கிடைத்தது. கடலுக்கு அப்பாலிருந்து வந்த தமிழ்ப்பாட்டு தென்கரை ஊர்களிலெல்லாம் ஒலித்தது. ஐந்தே ஆண்டுகள், 1957இல் விவித் பாரதி என்ற பெயரிலே அரசே திரைப்பாட்டுக்குத் தனி ஒலிபரப்பைத் தொடங்க நேர்ந்தது. அந்த வானொலிப் பெட்டியிலே திரை இருந்ததா? நடிகர் முகம் தெரிந்ததா? இல்லை. ஒலி மட்டுமே வந்தது. அதற்காகத்தான் மக்கள் தேநீர்க் கடை வாயிலிலே நின்றார்கள். படத்தைப் பிரித்தால் பாட்டுக்கு உயிரில்லை என்போர்க்கு, நாட்டுமக்கள் அன்றே அளித்துவிட்ட விடை அது.

பாட்டு மட்டுமா? முழுப் படத்தையும் காதால் கண்டவர்கள் தமிழர்கள். ஞாயிற்றுக்கிழமைகளிலே வானொலி ஒலிச்சித்திரம் ஒலிபரப்பியது. படம் முழுவதும் ஒரு மணி நேர ஒலியாகச் சுருங்கி வீட்டுக்குள் வந்தது. திருமண வீட்டிலும் திருவிழாப் பந்தலிலும் திருவிளையாடல் வசன இசைத்தட்டு ஒலிபெருக்கியிலே முழங்கியது. நாஞ்சில் நாட்டின் செல்வன் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன், அறிஞர் அண்ணாவின் கைவண்ணத்தில் 1949இல் உருவான நல்லதம்பி படத்திலே கிந்தனார் காலட்சேபம் நடத்தினார். தாழ்த்தப்பட்ட குலத்துச் சிறுவன் கல்வியால் உயரும் கதை அது. நந்தனை நெருப்பிலே இறக்கிய நாட்டிலே, கிந்தனைப் பள்ளியிலே ஏற்றினார் கலைவாணர்! அதைக் கேட்டுத் தெளிவு பெற, திரை தேவைப்படவில்லை. செவி போதும், சிந்தை போதும்.

இனி, நமது மண்ணின் மற்றொரு மைந்தரைப் பற்றிப் பேசுவோம். நாகர்கோவிலை அடுத்த கிருஷ்ணன்கோவிலிலே 1918இல் பிறந்தவர் கே. வி. மகாதேவன். அன்று நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள்தான் தாய்த்தமிழகத்தோடு இணைந்தது. எல்லைக்கோடு நம்மைப் பிரித்து வைத்திருந்த அந்த ஆண்டுகளிலும், இசைத்தட்டுக்கு எல்லை இருந்ததில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடக்க அதற்கு அனுமதிச்சீட்டு தேவைப்படவில்லை. இந்த மண்ணில் பிறந்தவர் அங்கு சென்று, தமிழ்த்திரையிலும் தெலுங்குத் திரையிலும் இசை வளர்த்தார். இந்திய அரசு 1967ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து சிறந்த இசையமைப்புக்கு விருது வழங்கத் தொடங்கியபோது, முதல் விருது கந்தன் கருணை படத்துக்காக அவருக்கே கிட்டியது. பின்னர் சங்கராபரணம் என்ற தெலுங்குப் படத்துக்காகவும் பெற்றார். 2001இல் மறைந்தார்.

பாட்டை முதலில் எழுதச் செய்து, சொல்லின் போக்கறிந்து பிறகு மெட்டமைப்பது அவர் வழக்கம். மெட்டுக்குச் சொல்லை வெட்டி ஒட்டுவது பெருவழக்காகிவிட்ட துறையிலே, சொல்லுக்கு மெட்டைத் தைத்தவர் அவர். இதன் பொருள் என்ன? குறில் குறிலாகவே ஒலிக்கும், நெடில் நெடிலாகவே நீளும், வல்லினம் வலுவிழக்காது. யாப்பிலக்கணத்தை நாம் கரும்பலகையிலே எழுதிக் காட்டுகிறோம். மாணவர் கொட்டாவி விடுகின்றனர். அந்த இலக்கணத்தைக் காதிலே ஊற்றும் கருவி நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதைத் தொடாதே என்கிறார்கள். நோயாளி வாடுகிறான், மருந்து அலமாரியில் இருக்கிறது, அலமாரிக்குப் பூட்டு. காரணம், மருந்து செய்த ஊர் கோடம்பாக்கமாம்!

சரி, படத்தோடு கேட்டால் என்ன, ஏன் பிரித்துக் கேட்கவேண்டும் என்று நண்பர் சிலர் வினவக்கூடும். நல்ல வினா. விடை இதோ.

1965இல் வெளிவந்த திருவிளையாடலிலே ஒரு காட்சி. நடிகர் திலகம் சிவாஜி கணேசன் பாடுகிறார். அவரே வீணை மீட்டுகிறார். அவரே குழல் ஊதுகிறார். அவரே மிருதங்கம் கொட்டுகிறார். திரையெங்கும் ஒரே முகம்! அரிய நடிப்பு, மறுக்கவில்லை. ஆனால் கண்ணை மூடுங்கள். என்ன கேட்கிறது? டி. எம். சௌந்தரராசனின் கம்பீரக் குரல் கேட்கிறது; வீணையிலே ஒருவரின் விரல் கேட்கிறது; குழலிலே மற்றொருவரின் மூச்சுக் கேட்கிறது; தோற்கருவியிலே வேறொருவரின் உள்ளங்கை கேட்கிறது. திரையில் ஒருவர், ஒலியில் பலர்! ஒருவரைக் கண்டோம், பலரை மறந்தோம். கண் மறைத்தவரைக் காது வெளிக்கொணர்கிறது.

1968இல் வெளிவந்த தில்லானா மோகனாம்பாள் இதனினும் தெளிவான சான்று. சிக்கல் சண்முகசுந்தரமாக வரும் சிவாஜியும், தம்பியாக வரும் ஏ. வி. எம். ராஜனும் திரையிலே நாதசுரம் ஏந்துகிறார்கள். கன்னம் புடைக்கிறது, நரம்பு விம்முகிறது, ஊரே வியந்தது. ஆனால் அந்தச் சீவாளியிலே உண்மையாகவே மூச்சைச் செலுத்தியவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி உடன்பிறந்தார். படமின்றிக் கேட்டுப் பாருங்கள். இரண்டு நாதசுரங்கள் ஒன்றாகப் புறப்படுவதும், ஒன்று மூச்சு வாங்கும் நொடியில் மற்றொன்று இழையறாமல் தாங்கிக்கொள்வதும், இரு மூச்சு ஒரு மூச்சாவதும் விளங்கும். காட்சியைப் பார்த்துக்கொண்டே கேட்பவர்க்கு இது புலப்படுவது அரிது. கண், நடிகர் கன்னத்தைவிட்டு நகராது. 1962இல் வெளிவந்த கொஞ்சும் சலங்கையிலே காருகுறிச்சி அருணாசலத்தின் நாதசுரமும் எஸ். ஜானகியின் குரலும் ஒன்றோடொன்று ஓடிப் பிடித்து விளையாடும். அது திரைப்பாட்டுத்தான். அதனைக் கேட்டுத் தலையசைக்காத வித்துவான் உண்டென்றால், அவர் காதை மருத்துவரிடம் காட்டட்டும்!

நாதசுரக்காரரை நாடு நடத்திய விதம் நமக்குத் தெரியும். ஊர்வலத்திலே வெயிலில் நடந்து ஊதவேண்டும். திருமண வீட்டிலே வாயிலோடு நிற்கவேண்டும். குரலிசைக்காரர்க்கு மேடை, குழலிசைக்காரர்க்குத் தெரு. அந்தக் கொடுமையை எதிர்த்து நிமிர்ந்து நின்ற திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை போன்றோரால் நிலை ஓரளவு மாறிற்று. தெருவிலிருந்த நாதசுரத்தை ஒவ்வொரு வீட்டின் கூடத்துக்கும் கொண்டுவந்து சேர்த்த புகழிலே திரைப்படத்துக்கும் வானொலிக்கும் பெரும்பங்கு உண்டு. ஆனால் வந்து சேர்ந்தது ஒலி. வாசித்தவர் பெயர் வந்து சேரவில்லை. "சிவாஜி நாதசுரம்" என்றார்கள். சேதுராமன் பொன்னுசாமி நாதசுரம் என்று சொன்னவர் எத்தனை பேர்? அந்தப் படத்திலே தவில் கொட்டியவர் யார் என்று கேட்டால், விடையிறுக்க வல்லவர் நம்மில் யார்? தெருவில் நிறுத்தியது பழைய கொடுமை; திரைக்குப் பின்னால் நிறுத்தியது புதிய கொடுமை!

இளங்கோவடிகள் இதைப் பொறுத்திருப்பாரா? சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைத் திறந்து பாருங்கள். ஆடப்போகிறவள் மாதவி ஒருத்தி. அரங்கிலே அனைவர் கண்ணும் அவள்மீதே. ஆயினும் ஆடலாசான், இசையாசான், கவிஞன், தண்ணுமையாசான், குழலாசான், யாழாசான் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே நிறுத்தி, ஒவ்வொருவர் தகுதியையும் வகுத்துக் கூறியபிறகே மாதவியை அரங்கில் ஏற்றுகிறது அந்தக் காப்பியம். ஆடலுக்குத் துணையாக வந்த இசைதான். ஆனாலும் அதற்குத் தனி மதிப்பு. இவ்வளவு பெருமரபுக்கு உரியவர்கள், கருவியிசைக் கலைஞர் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஒரு கூட்டத்தையே புதைத்துவிட்டோம்.

இங்கே குற்றம் பண்டிதர் தரப்பில் மட்டும் இல்லை. படத்தொழிலும் குற்றவாளிக் கூண்டில் நிற்கவேண்டும். நாமும் சற்றுத் தள்ளி நிற்பதற்கில்லை. பாட்டு எந்த நடிகருடையது என்று கேட்கிறோம். எவர் இயற்றியது, எவர் இசைத்தது என்று கேட்பதில்லை. பாட்டை வெளியிடும் நிறுவனங்கள், படத்தின் பின்னணி இசையைப் பெரும்பாலும் பெட்டிக்குள் பூட்டிவிடுகின்றன. சொல்லின்றி, உரையாடலின் அடியிலே, மகிழ்ச்சியையும் துயரையும் தாங்கி ஓடும் அந்த இசையைத் தனியே கேட்க வழியில்லாமல், இரசிகர்கள் படத்திலிருந்து துண்டு துண்டாக எடுத்துத் தொகுத்துக் கேட்கின்றனர். 2009ஆம் ஆண்டுப் படங்களிலே பின்னணி இசைக்கான தேசிய விருது, பழசிராஜா என்ற மலையாளப் படத்துக்காக இளையராஜாவுக்கு வழங்கப்பட்டது. 2015ஆம் ஆண்டுக்கு, தாரை தப்பட்டைக்காக மீண்டும் வழங்கப்பட்டது. 2009இல் ஏ. ஆர். ரகுமான் பெற்ற இரு ஆஸ்கர் விருதுகளிலே ஒன்று, படத்தின் இசைக்கோவைக்காகவே தரப்பட்டது. பின்னணி இசை தனித்து மதிக்கத்தக்கது என்று விருதளிப்போர் ஒப்புகின்றனர். அதனைத் தனித்துக் கேட்க மட்டும் நமக்கு வாய்ப்பில்லை. பரிசு இசைக்கு, பூட்டும் இசைக்கு!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதே இளையராஜா 1986இல் படமே இல்லாத தனி இசைத்தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். 2025 மார்ச் 8ஆம் நாள் இலண்டனிலே தமது சிம்பொனியை அரங்கேற்றினார். அப்போது மூக்கு நீண்ட மேதாவிகளும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மகிழ்ச்சி. ஆனால் 1976இல் அன்னக்கிளி தொடங்கிப் படங்களுக்காக அவர் எழுதியதும் அதே கைதானே? அதே தாள், அதே மை, அதே அறிவு! படம் இருந்தால் பகட்டு, படம் இல்லாவிட்டால் பண்பாடு என்பது, இசையைக் கேட்டுச் சொன்ன தீர்ப்பல்ல; மேலட்டையைப் பார்த்துச் சொன்ன தீர்ப்பு.

திரை இசை எல்லாம் தேன் என்று நாம் கூறவில்லை. கூச்சலும் உண்டு, திருட்டு மெட்டும் உண்டு, பெண்ணை இழிவுசெய்யும் பாட்டும் உண்டு, படத்தை விட்டுப் பிரித்தால் உண்மையிலேயே பொருளிழக்கும் துணுக்குகளும் உண்டு. ஆனால் நெல்லோடு பதரும் உண்டு என்பது நாஞ்சில் நாட்டு உழவருக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. அவர் முறத்தை எடுத்துத் தூற்றுகிறார். பதர் பறக்கிறது, மணி நிற்கிறது. பதர் இருக்கிறதே என்று களத்துக்கே தீ வைப்பதில்லை. படத்தைப் பிரித்துக் கேட்பதுதான் நாம் கூறும் முறம். நடிகரின் பகட்டிலே ஒட்டிக்கொண்டு வந்தது பறந்துபோகும். இசை மட்டும் நிற்கும். ஆகவே, திரை இசையைத் தனித்துக் கேளுங்கள் என்பது அதற்குச் சலுகை காட்டுவதல்ல. அதனைத் தேர்வுக்கு உட்படுத்துவது!

தேர்வைத் தள்ளிப்போடவும் நேரமில்லை. தமிழின் முதற்பேசும்படமான காளிதாஸ் 1931 அக்டோபர் 31ஆம் நாள் திரைக்கு வந்தது. இன்று அதன் பிரதி இல்லை. நமது திரையின் முதற்குரலை நாம் கேட்க முடியாது. அதன்பின் வந்த படங்களிலும் அழிந்தவை பல. சங்ககாலத்து ஓலை கரையானுக்கு இரையாயிற்றே என்று கண்ணீர் விடுகிறோம். நம் தாத்தா காலத்து ஒலிச்சுருள் நம் கண்முன் பொடியாகிறது, கவலையில்லை! மதிக்காததை யார் பாதுகாப்பார்? இது இசையே அல்ல என்று கூறும் ஒவ்வொரு நாவும், அந்தக் கரையானுக்குத் தீனி போடுகிறது.

எனவே நாம் கேட்பது அதிகமில்லை. பள்ளிகளிலே வாரம் ஒரு பாடவேளை கேட்டலுக்கு ஒதுக்கப்படட்டும். செலவு? ஆசிரியர் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியும் ஒரு சிறு ஒலிபெருக்கியும் போதும். பாட்டு ஒலிக்குமுன் கரும்பலகையிலே மூன்று பெயர்கள் எழுதப்படட்டும்: இயற்றியவர், இசையமைத்தவர், இசைத்தவர். நடிகர் பெயர் வேண்டியதில்லை. அது மாணவருக்கு முன்பே தெரியும்! மாவட்ட நூலகங்களிலே நூலடுக்கின் பக்கத்திலே இசைத்தட்டுக்கும் ஒலிநாடாவுக்கும் இடம் தரப்படட்டும். பரணிலே தூசி படிந்து கிடக்கும் தட்டுகளை மக்களிடமிருந்து பெற்றுப் படியெடுக்கட்டும். படத்தொழிலார், பின்னணி இசையைப் பூட்டுடைத்து வெளியிடட்டும். வாசித்த ஒவ்வொருவர் பெயரையும் பொறிக்கட்டும். நாகர்கோவிலிலே ஆண்டுக்கு ஒரு மாலை மகாதேவனின் இசையைப் படமின்றி, விளக்கணைத்து, ஊரார் கூடி அமர்ந்து கேட்கட்டும்.

பெரியவர்களே, பண்டிதர்களே! நாங்கள் உங்கள் கச்சேரி மேடையைக் கவிழ்க்க வரவில்லை. அதன் அருகே ஒரு பாய் விரிக்கவே வருகிறோம். அந்தப் பாயிலே நெசவாளி மகனும் மீனவர் மகளும் தோட்டத் தொழிலாளியின் பேரனும் வந்து அமர்வார்கள். சபாவுக்குச் சீட்டு வாங்க வசதியற்ற அவர்கள் பாட்டன்மார்க்கு, இசை என்று ஒன்று எட்டியதே பெரும்பாலும் ஒலிபெருக்கி வழியாகத்தான். அவர்கள் கேட்டதெல்லாம் இசையல்ல என்று நீங்கள் கூறும்போது, அவர்களுக்குக் காதே இல்லை என்று கூறுகிறீர்கள். அதனை ஒப்ப நாம் ஆயத்தமாக இல்லை. காதுண்டு அவர்களுக்கு; கூர்மையான காது! அதற்குக் கேட்கக் கற்றுக்கொடுங்கள், யார் இசைத்தது என்று கேட்கவும் கற்றுக்கொடுங்கள். கேள் என்ற சொல்லுக்குத் தமிழ் இரண்டு பொருள் வைத்திருப்பது வீணுக்காக அல்ல.